எண்ணாகத் திரும்பி வந்தவை

செவ்வாய்க்கிழமை மாதாந்திர மின்தடை.
நாலு மணிக்குக் கரண்டு வந்து
பன்னிரண்டு தறியும் ஒன்றாக இரைந்தபோது
கூலிக் கணக்கைத் திறந்தேன்.
திறக்கவில்லை.

எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும்
புதிதாய் ஒரு வால்.
பாவு வரவு, காடாத் துணி ரசீது,
மகிழனின் காதுகுத்துப் படம், ரேஷன் கார்டு நகல்
எதைத் தொட்டாலும் வெறும் வெள்ளை.
எல்லா அறையிலும் ஒரே கடிதம்:
எழுபத்திரண்டு மணி நேரம்.
சோமனூரில் ஒருத்தரும் கண்ணால் பார்த்திராத
ஏதோ ஒரு காசில் கட்ட வேண்டுமாம்.

"வட்டிக்காரன்கூட வாசல்ல வந்து நின்னுதான் கேப்பான்"
என்றார் இவர்.
"இவன் மூஞ்சிய எங்கீன்னு போய்ப் பாக்கறது?"

மகிழன் ரெண்டு நாளாய்ச் சரியாகச் சாப்பிடவில்லை.
மூன்றாம் நாள் சொன்னான்:
விளையாட்டில் தோட்டா தீராமலிருக்க
எதையோ இறக்கினானாம்.
திட்ட வாயெடுத்தேன்.
போன வருஷம் ஓசியில் கிடைக்கிறதென்று
கணக்கு மென்பொருளை
இதே சந்து வழியாக இறக்கியவள் நான்.
தட்டில் இன்னொரு தோசை போட்டேன்.

கருமத்தம்பட்டியிலிருந்து பிலோமினா
ஸ்கூட்டியில் வந்தாள்.
முதலில் நெட் ஒயரைப் பிடுங்கினாள்.
பெட்டியைக் கழற்றினால்
விசிறி முழுக்கப் பஞ்சு,
குழந்தைத் தலையணை ஒன்று தைக்கலாம்.
"வைரஸ் வராட்டியும் இதுக்கு ஆறு மாசந்தானுங்கக்கா ஆயுசு."
பணம் கட்ட வேண்டாம் என்றாள்.
கட்டினாலும் சாவி தருவானென்று
எவன் ஜாமீன்?

"அழிச்சது உடனே அழியாதுங்கக்கா.
இந்த எடம் காலின்னு சீட்டு ஒட்டிட்டு விட்டுரும்.
அடுத்த ஆளு குடி வர்ற வரைக்கும்
பழசு உள்ளயேதான் கெடக்கும்."

டிஸ்க்கை அவள் மடிக்கணினியில் மாட்டி
விடிய விடிய ஓடவிட்டோம்.
வெள்ளிக்கிழமை நாலு மணி வந்தது, போனது.
மிரட்டியவன் எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருந்திருப்பான்.

முப்பத்தோராயிரம் திரும்பி வந்தன.
ஒன்றுக்கும் பெயரில்லை.
வெறும் எண்.
நாலு ராத்திரி உட்கார்ந்து
ஒவ்வொன்றாய்த் திறந்து பெயர் வைத்தேன்.
காதுகுத்துப் படம் மகிழனின் அழுகிற வாய் வரை வந்தது,
அதற்குக் கீழே ஒரே சாம்பல்.
மாமன் மடி வரவில்லை.
ஆடி மாதக் கூலிச் சீட்டு மட்டும்
எதற்கோ ஆறு தடவை வந்தது.

பதினெட்டாயிரத்து நானூற்றாறு
ஒரு கடிதம்.
"ஐயா, எங்களிடம் உள்ள சாதாத் தரி பன்னிரண்டும்
பழைய இரும்பு விலைக்குக் கொடுக்க"
தறிக்கு இந்த 'ரி' போடுகிறவர்
இந்த வீட்டில் ஒருவர்தான்.
எடை இருக்கிறது. கிலோவுக்கு என்ன விலை
என்ற இடத்தில் புள்ளிகள்.
தேதி, ரெண்டு வருஷம் முன்னால்,
கூலி பேசி முடியாமல் தறிகள் நின்றிருந்த மாதம்.

அந்த மாதம் பாதி ராத்திரிக்கு எழுந்து
இவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்.
என்ன பார்க்கிறார் என்று
நான் நினைத்தது வேறு.
ஒரு வாரம் பேசாமல்கூட இருந்தேன்.

ஷிப்ட் மாற்றிவிட்டு உள்ளே வந்தார்,
புருவத்தில் பஞ்சு.
"அல்லாம் வந்துருச்சா?"
"வேண்டியது வந்துருச்சுங்க."
திரையைப் பார்க்கவில்லை அவர்.
பார்த்தாலும் எண்தான் தெரிந்திருக்கும்.

ரெண்டு நகல் எடுக்கச் சொல்லியிருந்தாள் பிலோமினா,
ரெண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாதாம்.
அன்னூரில் தங்கச்சி வீட்டுக்கு ஒன்று.
அதில் அந்தக் கடிதத்தை ஏற்றவில்லை.
பீரோவில் வைத்த நகலில் இருக்கிறது,
பெயர் வைக்காமல்.

அதற்குள் ஏழாவது தறி நின்றது.
சத்தத்தில் ஒன்று குறைந்தால்
தூக்கத்திலும் தெரியும் எங்கள் ரெண்டு பேருக்கும்.
"நீங்க உக்காருங்க" என்று
நான் எழுந்து போனேன்.